நாகமரைத் துறையில், அறை எண் மூன்று

ஏரியூரில் பஸ் மாறி
கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது
என்னோடு இறங்கியவை
இரண்டு கோழிக்கூடையும் ஒரு சிமெண்ட் மூட்டையும்.

ஓசூரில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனிக்கு
மார்ச் முப்பத்தொன்றை
ராத்திரி இரண்டு மணிக்கு முடித்துக் கொடுத்திருந்தேன்.
பற்றும் வரவும் ஒத்துப்போன பிறகு
எண்களே இல்லாத இடம் வேண்டியிருந்தது.
போனில் பார்த்த படம் இதுதான்:
நீலக் கதவு, வெள்ளைச் சுவர்,
தண்ணீரைப் பார்த்தபடி
யாரும் உட்காராத ஒரு நாற்காலி.

முன்பு மீன் எடை போட்ட கொட்டகைகள்.
இப்போது ஐந்து குடில்கள்.
கெளுத்தி, ஆரால், கட்லா, ரோகு என்று
வாசலில் பித்தளை எழுத்து.
எனக்குக் கிடைத்தது ஜிலேபி.
"மீனுதான் மேடம், ஸ்வீட் இல்லை"
என்றாள் சாவி கொடுத்த வெண்ணிலா,
எல்லோரிடமும் சொல்லிச் சலித்த குரலில்.

தராசு தொங்கிய கொக்கியில் பிரம்பு விளக்கு.
பழைய வலையில் திரைச்சீலை,
கொசு தாராளமாக வந்துபோக.
ஐஸ் உடைத்த கல்மேடைமேல் மெத்தை.
அதன் குளிர் இன்னும் போகவில்லை,
அல்லது நானே அப்படி நினைத்துக்கொண்டேன்.

ஒன்றும் செய்யாமல் ஒரு பகல்.
கவிழ்த்த பரிசலின் அடியில்
தார் இளகும் வாசனை.
அக்கரைப் பண்ணவாடியில் யாரோ
மைக்கில் ஹலோ ஹலோ என்று
பதிலுக்குக் காத்திருந்தார்கள்.
அணை இறங்கியிருந்தது.
மூழ்கிக்கிடந்த நந்தி கழுத்துவரை வெளியே வந்து
எந்தக் கரைக்குப் போவதென்று
யோசித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் குளித்தேன்.
வெந்நீர் ஆவி படியப் படிய
சுவரின் சுண்ணாம்பு கண்ணாடியாகி
உள்ளிருந்து கரி எழுத்து மேலே வந்தது.
முதலில் ஒரு ஏழு.
பிறகு ஒரு பெயர்.
சோப்பு நுரையோடு நின்று படித்தேன்:
மாதையன் 14. லூர்து 9½.
கெம்பன் 22. கெம்பன் 17. கெம்பன் 31.
ஐஸுக்குக் கழிவு. வலைக்கடனுக்குக் கழிவு.
ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, கெம்பன் 60.

விரல் தானாகப் போயிற்று.
மேலிருந்து கீழே கூட்டினேன்.
கீழிருந்து மேலே கூட்டினேன்.
எழுபது.
தலை துவட்டி முடிப்பதற்குள்
சுவர் காய்ந்து
படத்தில் இருந்ததுபோல் வெளுத்துவிட்டது.

அன்றிரவு அந்தப் பத்துக் கிலோ
பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தது.
வேண்டுமென்றே செய்ததா, தூக்கக் கலக்கமா?
இரண்டு மணிக்கு நானும்
ஒரு கூட்டலைச் சரிபாராமல் விட்டிருக்கிறேன்.
மூன்று முறை எழுந்துபோய்
வெந்நீர்க் குழாயைத் திறந்தேன்.
மூன்று முறையும் எழுபது.

காலையில் நந்தியைப் பார்க்கப் பரிசல்.
துடுப்புப் போட்டவர் பெயர் மாதேசு.
எந்த இடம் ஆழம், எந்த இடத்தில்
கீழே யாருடைய கிணறு என்று
கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.
"கெம்பன்னு இங்க யாராச்சும்?" என்றேன்.
பரிசல் ஒரு சுற்று வீணாகச் சுற்றியது.
"எங்கப்பன். அந்தப் பேரை உங்களுக்கு யாருங்க சொன்னது?"

குளிக்கும் அறைச் சுவர் என்று
எப்படிச் சொல்வது? சொன்னேன்.
பத்துக் கிலோவையும் சொன்னேன்.
சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை.
கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்:
"அது ஒரு நாள் கணக்குங்களா, ஒரு மாசத்துதுங்களா?"
சுவரில் தேதி இல்லை.
"சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு.
குடிச்சுப்போட்டுப் பேசுதுன்னு
நாங்க காதுலயே வாங்கலை."

நந்தியின் காதுக்குள்
நத்தை ஓடு ஒன்று ஒட்டியிருந்தது.
அதை மட்டும்தான் படமெடுத்தேன்.

கரையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி
மீதி வேண்டாம் என்றேன்.
அவர் கேட்கவில்லை.
டவுசர் பையிலிருந்து ஈர நோட்டுகளைப் பிரித்து
என் கண்முன்னே ஒருமுறை எண்ணினார்,
மறுபடி எண்ணினார்,
என் கையில் வைத்து
"எண்ணிப் பாத்துக்கங்க" என்று
நான் எண்ணி முடிக்கும்வரை
தண்ணீரிலேயே நின்றார்.